ஜாமீன்

இஸ்ரா மாடியில் நின்று போனில் யாரையாவது திட்டினால், கீழே சமையலறையில் ஹபீபுன்னிசா இரண்டு கைகளையும் ஏந்தி ஆமீன் சொல்லுவார்.

வந்த புதிதில் இது இஸ்ராவுக்குத் தெரியாது. ஒருநாள் கெய்ரோவிலிருந்த தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோயிருக்க, அவன் பந்து விளையாடப் போய்விட்டானாம். கழுதை, சோம்பேறி, உருப்படாதவன் என்று அவளுடைய ஊர் அரபியில் இருக்கும் வசவுகளை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கி வந்தாள். ஹபீபுன்னிசா கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன அழகா ஓதறீங்க கண்ணு. கேக்கக் கேக்க மனசு நெறஞ்சு போச்சுங்க.”

அப்போது இஸ்ராவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். ‘அழகா’ என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

அவள் சூடானில் வாத் மதனி என்னும் ஊரைச் சேர்ந்தவள். நீல நைலின் கரையில், பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊர். அப்பா பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மகள் பஞ்சையும் நூலையும் முறையாகப் படிக்க வேண்டும் என்று கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அவர் இறந்த மறு வருடம் நாட்டில் சண்டை மூண்டது. அம்மாவும் தம்பியும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாத் மதனி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், வீடு இருக்கிறதா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

கல்லூரி விடுதியில் இருந்தவரை அவளுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. தோழிகள் அவளைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். விடுமுறை வந்தபோதுதான் சங்கடம். எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள், விடுதியைப் பூட்டினார்கள், அவளுக்குப் போவதற்கு ஊர் இல்லை. கூடப் படிக்கும் நந்திதா, கோபிசெட்டிபாளையத்துப் பெண், யார் யாரையோ விசாரித்துக் கோட்டைமேட்டில் நசுருதீன் வீட்டு மாடி அறையைப் பிடித்துத் தந்தாள். நசுருதீனுக்கு டவுன்ஹால் பக்கம் தாழ்ப்பாள், கீல், பூட்டு விற்கும் கடை. மனைவி ஹபீபுன்னிசா. ஒரே மகள் ஷைமா பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இஸ்ராவைவிட ஒரு வயது சின்னவள்.

அரபி பேசும் பெண் வந்து தங்கியிருக்கிறாள் என்ற சேதி தெருவுக்குள் பரவ நேரமாகவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஓதி ஊதித் தரச் சொல்லி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள் இன்னொருத்தி. இஸ்ரா ஊரில் ஓதலுக்குப் பேர் வாங்கியவள் அல்ல. குர்ஆன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணோடு கதை பேசியவள். இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், தெரிந்த சின்ன சூராவைக் கூச்சத்தோடு ஓதி அனுப்புவாள்.

இந்த மரியாதையால் அவளுக்கு வந்த பெரிய நஷ்டம், அவளுடைய தமிழை யாரும் திருத்தவில்லை என்பது. ‘நான் நாளைக்குக் காலேஜ் போனேனுங்க’ என்றாலும், “நல்லாப் பேசறீங்க கண்ணு” என்பார் ஹபீபுன்னிசா. பல் வலித்த அன்று, ‘மாமி, எனக்குப் பல்லு வேகுதுங்க’ என்றாள். “வேகுதுங்களா, பாவமே” என்று கிராம்பு எடுத்துத் தந்தார். ஷைமா சிரித்துவிட்டாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்க்க, அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ஓதுகிற வாயைப் பார்த்துச் சிரிக்கலாமா என்பது ஹபீபுன்னிசாவின் எண்ணம். அரபி பேசும் பெண்ணுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லித் தருவதற்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் துணியவில்லை.

ஆகவே அவள் தானாகத்தான் வழி கண்டுபிடித்தாள். சாப்பிடும்போது நசுருதீன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பாள். அப்படிக் கேட்கையில் ஒரு நாள் அவளுக்குப் பழகிய சொல் ஒன்று காதில் விழுந்தது.

“தகராறுன்னா என்னங்க மாமா?”

“சண்டைங்க. வாய்ச் சண்டை.”

“எங்க ஊர்ல தக்ரார்னா சொன்னதையே மறுபடி மறுபடி சொல்றதுங்க.”

நசுருதீன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “இங்கயும் அதுதானுங்களே. சொன்னதையே சொன்னா தகராறுதான” என்று மனைவி இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார்.

அன்றிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். வாரிசு, அசல், நகல், பாக்கி, மகசூல் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தன. வசூல் என்றால் அவள் ஊரில் வந்து சேர்வது; இங்கே பணம் வந்து சேர்வது. ஊரில் தொலைத்த பாத்திரங்களைப் பக்கத்து வீட்டு அலமாரியில் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. கடைக்குப் புதிதாக ஓர் ஆளை எடுத்தபோது நசுருதீன், “தெரிஞ்சவரு ஒருத்தரு அவனுக்கு ஜாமீன் நின்னாருங்க, அதை நம்பித்தான் எடுத்தேன்” என்றார். தாமின் என்பது அவள் பாஷையிலும் உண்டு, இன்னொருவனுக்காகப் பொறுப்பேற்பவன். சரிதானா என்று கேட்டாள். அதேதான் என்றார்.

மற்ற தமிழ் வார்த்தைகளைப் பேசும்போது அவளுக்கு நாக்கு தயங்கும். இந்த வார்த்தைகள் வரும்போது தயங்காது. மற்றவை இரவல், இவை சொந்தம் என்று நினைப்பு.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. தப்போ சரியோ, அவள் மளமளவென்று பேசவே தொடங்கிவிட்டாள். அந்தச் சமயத்தில் ஷைமாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரைஹான், ஷார்ஜாவில் கட்டுமானச் சாமான் கம்பெனி ஒன்றில் மேனேஜர் என்று தரகர் சொன்னார். அப்பா மைதீன் பிச்சைக்குப் பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி. ஷைமா போனில் வந்த போட்டோவை இஸ்ராவிடம் காட்டி, “காதுதான் கொஞ்சம் பெருசுக்கா” என்று சிரித்தாள். பிடித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ரம்ஜானுக்கு வருவதாக இருந்த மாப்பிள்ளை வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவார் என்றார்கள், அதற்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஹபீபுன்னிசாவுக்கு மனசு உறுத்தியது. தரகரிடமிருந்து கம்பெனியின் போன் நம்பரை எப்படியோ வாங்கிவிட்டார்.

“அங்க போனை எடுக்கறவங்க அரபியிலதான் பேசறாங்களாமா. நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க கண்ணு. பையன் எப்படி, எதுக்கு வர மாட்டேங்கறாருன்னு.”

இஸ்ராவுக்குச் சந்தோஷமாக இருந்தது. முதன்முறையாக அந்த வீட்டுக்கு உருப்படியாக ஒரு காரியம் செய்யப் போகிறாள். மாடிக்குப் போய்ப் போன் போட்டாள். எடுத்தவர் ஓர் எகிப்துக்காரர், கணக்குப் பிரிவில் இருப்பவர், பேச்சுப் பிரியர். ரைஹான் மேனேஜர் இல்லை, ஸ்டோர் பொறுப்பாளர் என்றார். தங்கமான ஆள் என்றார். அவனோடு அறையில் தங்கியிருந்த அனீஸ் என்பவனின் அப்பா ஊரில் சாகக் கிடந்தாராம். போனால் திரும்ப மாட்டான் என்று கம்பெனி அவனை விடவில்லை. ரைஹான் தன்னுடைய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அவன் வரும்வரை நான் தாமின் என்றானாம். அனீஸ் போனவன் இன்னும் வரவில்லை. அதனால் இவன் நகர முடியவில்லை.

“இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள், சொல் மகளே” என்றார் எகிப்துக்காரர்.

இஸ்ரா படியில் இறங்கும்போதே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். கூடத்தில் நசுருதீனும் ஹபீபுன்னிசாவும் காத்திருந்தார்கள். ஷைமா கதவோரம் நின்றாள்.

“நல்ல மனுசருங்க” என்று ஆரம்பித்தாள். “மேனேஜர் இல்லீங்க, ஸ்டோர் பாக்கறாருங்க. இப்ப ஊருக்கு வர முடியாதுங்க. கூட்டாளியாலங்க. ஜாமீன்ல இருக்காருங்க. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வச்சுக்கிச்சுங்க.”

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஜாமீன்லயா?” என்றார் நசுருதீன்.

“ஆமாங்க மாமா.” இஸ்ராவின் முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லாக் கேட்டீங்களா?”

“ரெண்டு தடவை கேட்டேனுங்க.”

நசுருதீன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஹபீபுன்னிசா, “ரொம்ப நன்றிங்க கண்ணு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஷைமா நின்ற இடத்தில் அவள் இல்லை. நல்ல சேதி கேட்டால் இங்கே இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் போலிருக்கிறது என்று இஸ்ரா நினைத்துக்கொண்டாள். அவள் ஊராக இருந்தால் குலவைச் சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அன்று மாலையே நசுருதீன் பொள்ளாச்சிக்குப் போன் செய்து, “நமக்கு அமையலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பையன்மேல் வழக்கு இருக்கிறது என்று பெற்றவர் முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர்களும் தங்கள் மரியாதையை விட்டுக் காரணம் கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும்.

இஸ்ராவுக்கு எதுவும் தெரியாது. ஷைமா துணி காயப்போட மாடிக்கு வந்தால் முன்போல நின்று பேசுவதில்லை. ஒருநாள் இஸ்ரா கேட்டாள்: “கல்யாணம் எப்பங்க மாமி?”

“பாக்கலாமுங்க” என்றார் ஹபீபுன்னிசா. கூடிய சீக்கிரம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்காக வெள்ளகோவில் பக்கம் ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். நந்திதாவும் கூட வந்தாள். ஆலையை ஒட்டிய பெண்கள் விடுதியில் தங்கல். அறுந்த நூலைப் பிணைக்கும் பகுதியில் நாச்சியம்மாள் என்று ஓர் அக்கா இருந்தார். இஸ்ராவுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவள் சொல்வது புரியாவிட்டால் புரியலை என்று முகத்தைச் சுளித்துக்காட்டுவார். ‘அறுந்துச்சுங்க’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அறுத்துச்சுங்க’ என்றால், “யாரு அறுத்தா, நீயா” என்பார்.

ஒருநாள் டீ குடிக்க வெளியே வந்தபோது நாச்சியம்மாள் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டாள் நந்திதா.

“என்ற அண்ணன் பையனுங்க. கோயில் நோம்பியில குடிச்சுப்போட்டு ஒருத்தனை அடிச்சுப்போட்டான். இப்ப ஜாமீன்ல இருக்கறான். தெனமும் போலீஸ் டேசன்ல போயிக் கையெழுத்துப் போடோணும். வெளியூரு எங்கயும் போகக் கூடாதாமா.”

இஸ்ராவின் காது விடைத்தது. “யாருக்காகங்கக்கா ஜாமீன்?”

“யாருக்காகவா? அவனுக்காகத்தான் அம்மணி. புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. எங்கண்ணன் வக்கீல் வச்சு ஜாமீன்ல எடுத்தாந்துச்சு.”

இஸ்ரா நந்திதாவைப் பார்த்தாள். நந்திதா சாதாரணமாக ஆங்கிலத்தில் விளக்கினாள். ஜாமீன் நிற்பது வேறு, ஜாமீனில் இருப்பது வேறு. நிற்கிறவன் இன்னொருவனுக்காகப் பொறுப்பேற்கிறான். இருக்கிறவன் வழக்கில் மாட்டி, வெளியே விடப்பட்டிருக்கிறான்.

இஸ்ரா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். அந்தக் கூடமும், மின்விசிறிச் சத்தமும், நசுருதீன் சட்டையை மாட்டிக்கொண்டு போனதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தான் சொன்ன வாக்கியங்களை நந்திதாவிடம் அப்படியே திரும்பச் சொன்னாள்.

நந்திதா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். “கூட்டாளியாலன்னா சொன்னே?”

“ஆமா.”

“கூட்டாளிக்காகன்னு சொல்லியிருக்கணும் இஸ்ரா. நீ சொன்னதைக் கேட்டா, சேர்ந்தவனால இவன் கேஸ்ல மாட்டிக்கிட்டான், பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுட்டாங்கன்னுதான் யாருமே நெனைப்பாங்க.” போனை எடுத்தாள். “இரு, நானே மாமிகிட்டப் பேசி வெளக்கிடறேன். ரெண்டு நிமிஷம் ஆகாது.”

“வேண்டாம். நான் சொன்னது, நானே போய்ச் சொல்றேன்.”

“மறுபடியும் எதையாவது தப்பாச் சொல்லிட்டா?”

“அப்ப மறுபடியும் சொல்றேன்.”

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். காங்கேயத்தில் இறங்கி வேறு வண்டி மாறி, பல்லடம் வழியாகக் கோவைக்கு வந்தாள். ஜன்னல் பக்கம் காற்றாலைகளும் பவர்லூம் கொட்டகைகளும் போய்க்கொண்டே இருந்தன. சொல்ல வேண்டியதை உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் துஆ ஓதுவதாக நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தைவிட அந்த வார்த்தையின்மேல்தான் அதிகம் கோபம் வந்தது. அதன் முகத்தில் தன் ஊர் ஜாடை இருந்ததால் நம்பிவிட்டாள். அது கடல் தாண்டி வந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ. கோர்ட்டுக் கச்சேரிப் படி ஏறி, காவல் நிலையப் படி இறங்கி, இங்கே குடும்பம் நடத்தி, இந்த ஊர் ஆளாகவே மாறியிருந்தது. ஊர்க்காரர் என்பதற்காக அதனிடம் எதையும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது அவள் தப்பு. பழகாத வார்த்தையிடம் அவள் ஜாக்கிரதையாகவே இருந்தாள். பழகிய முகம்தான் அவளை ஏமாற்றியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஹபீபுன்னிசா தரையில் உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தார். “ஏனுங்க கண்ணு, அதுக்குள்ள வந்துட்டீங்க? ஒடம்பு சரியில்லீங்களா?”

இஸ்ரா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

“மாமி, நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க. ரைஹான் போலீஸ் இல்லீங்க. கேஸ் இல்லீங்க. கூட்டாளி அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. கூட்டாளி ஊருக்குப் போகணும். கம்பெனி விடல. ரைஹான் சொன்னாரு, இவன் வருவான், வரலைன்னா நான் இருக்கேன், என்ற பாஸ்போர்ட்டை வச்சுக்கோன்னு. கூட்டாளி போனாரு. இன்னும் வரல. அதுதானுங்க ஜாமீன். எனக்கு அந்த வார்த்தை தெரியும்னு நெனச்சேனுங்க. தெரியாதுங்க.”

ஹபீபுன்னிசாவின் கையில் புதினாத் தண்டு அப்படியே நின்றது.

“ஏண்டி, அப்ப அந்தப் பையன் ஜெயிலுக்கே போகலியா?”

“போகலீங்க மாமி.”

“கேசும் இல்ல?”

“இல்லீங்க.”

“எம்புள்ள ஒரு வாரம் சோறு திங்காமக் கெடந்தாடி.” குரல் உயர்ந்தது. “நீ சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னே. துக்கத்தையும் சிரிச்சுச் சொல்றதுதான் உங்க ஊரு வழக்கமோன்னு நான் நெனச்சுக்கிட்டேன். தெரியாத வார்த்தையை எதுக்குடி வாயில எடுத்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?”

இஸ்ரா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு முழுவதும் புரிந்தது. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.

ஹபீபுன்னிசா திட்டி முடித்து மூச்சு வாங்கினார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “கேட்டிருந்தாலும் நான் நல்லாப் பேசறீங்கன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். புதினாவைத் தள்ளி வைத்தார். “சொல்லு. ஜாமீன் நின்னிருக்காரு.”

“ஜாமீன் நின்னிருக்காருங்க.”

“யாருக்காக?”

“கூட்டாளிக்காகங்க.”

“மறுக்காச் சொல்லு. முழுசா.”

நாலு முறை சொல்லவைத்த பிறகுதான் எழுந்து போய்க் கணவருக்குப் போன் செய்தார்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த ஷைமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஸ்ரா பக்கத்தில் போய் நிற்கவும் பயந்து, படிக்கட்டிலேயே நின்றாள்.

“நீங்க சிரிச்சுட்டே சொன்னப்பவே எனக்கு என்னமோ போல இருந்துச்சுக்கா” என்றாள் ஷைமா, திரும்பாமலேயே. “ஓடி வந்து கேக்கலாம்னு தோணுச்சு. அத்தா முகத்தைப் பாத்தேன். கேக்கலை.” பிறகு இஸ்ராவின் பக்கம் திரும்பினாள்: “அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன அந்த ஆளு திரும்பி வரலைன்னா என்ன பண்ணுவாராம்?”

வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு எந்த முகத்தோடு போவது என்று நசுருதீன் தயங்கினார். ஹபீபுன்னிசா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் இஸ்ராவைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனார்கள். மைதீன் பிச்சை வாசலுக்கு வந்து வாங்க என்று அழைத்தார். குரலில் சூடு இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அவர் மனைவி சமீரா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

“என்ன நடந்துச்சுன்னு இந்தப் புள்ளயே சொல்லும்” என்றார் நசுருதீன்.

இஸ்ரா சொன்னாள். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றின் முடிவிலும் ஹபீபுன்னிசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். தப்பில்லாமல்தான் சொன்னாள். ஆனால் அவள் முடிக்கும் முன்பே சமீரா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டானா? எங்ககிட்ட லீவு கெடைக்கலைன்னுதான சொன்னான்.”

பெற்றவர்களுக்கு இது தெரியாது. அதை இஸ்ரா நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ஒரு தப்பைத் திருத்த வந்த இடத்தில், ஒருவன் மறைத்து வைத்திருந்ததைக் கூடத்தில் போட்டு உடைத்துவிட்டாள். மைதீன் பிச்சை அப்போதே மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. “உம் பாஸ்போர்ட் எங்கடா” என்றார்.

 “யாரு சொன்னா அத்தா?” என்று கேட்டது அந்தப் பக்கக் குரல்.

“சூடான்காரப் புள்ள ஒண்ணு. இங்கதான் இருக்கு.”

உடனே ரைஹான் அரபிக்கு மாறினான். பெற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று நினைத்தான் போல. “நீ ஏன் பேச்சு? அம்மா தெரியாது. நான் மறைச்சு. இப்ப அம்மா அழுகை” என்றான்.

 அது கிடங்கில் லாரியிலிருந்து சாமான் இறக்கும் இடத்தில் பொறுக்கிய அரபி. வினைச் சொற்களில் யார், எப்போது என்று காட்டும் விகுதி எதுவும் இல்லை. அவளை ஆணாகவே பாவித்துப் பேசினான். அங்கே அவன் பேசுவதெல்லாம் ஆண்களோடுதான். எந்தெந்த அதட்டலில் எந்தெந்த வார்த்தையைக் கற்றிருப்பான் என்றுகூட அவளால் சொல்ல முடியும்போல் இருந்தது. கோட்டைமேட்டில் தான் பேசுவது மற்றவர் காதில் எப்படி விழும் என்று முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் சொன்னதில் புரியாதது ஒன்றும் இல்லை. அவன் கோபம், பயம், அம்மாவை நினைத்த வருத்தம் எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தன.

அவளும் சின்ன வார்த்தைகளாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நடந்ததைச் சொன்னாள். மன்னிக்கச் சொன்னாள். “பொண்ணு கோபம்?” என்று கேட்டான் அவன்.

“கோபம் இல்லை. ஒரு கேள்வி இருக்கிறது. அனீஸ் திரும்பி வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?”

“வருவான்.”

“வரவில்லை என்றால்?”

“வருவான்” என்றான் மறுபடியும்.

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்காக இரண்டு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்லலாமா என்று அவளுக்கு ஆசை வந்தது. சேர்க்கவில்லை.

“ஷைமா ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க. கூட்டாளி வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு. அவரு ‘வருவான்’னு சொல்றாருங்க. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதுதானுங்க சொன்னாரு. வேற எதுவும் சொல்லலீங்க.”

சமீரா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, “அவன் அப்படித்தான். நெனச்சா நெனச்சதுதான்” என்றார். அது பெருமையா சலிப்பா என்று இஸ்ராவுக்குப் பிடிபடவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் நசுருதீனும் அதையேதான் பேசினார். இப்படிப்பட்டவன் நல்லவனா, ஏமாளியா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். பொண்ணு சொல்லட்டும் என்றார் ஹபீபுன்னிசா.

பொண்ணு உடனே சொல்லவில்லை. ரைஹானின் நம்பரை வாங்கி அவளே பேசினாள். சில நாள் சிரித்துக்கொண்டே போனை வைப்பாள், சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அனீஸ் வந்து சேர்ந்தான். அவன் அப்பா இறந்துபோய், குடும்பத்தில் சொத்துத் தகராறு தீர்ந்து கிளம்ப அத்தனை நாள் ஆகிவிட்டதாம். ரைஹான் ஊருக்கு வந்தான். ஷைமாவோடு கூடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினான். அடுத்த முறை யாருக்காவது இப்படிச் செய்வதாக இருந்தால் முன்கூட்டித் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாளாம். சொல்கிறேன் என்றானாம். செய்ய மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று பிற்பாடு இஸ்ராவிடம் சொன்னாள்.

நிக்காஹ் நடந்தது. ரைஹான் திரும்பிப் போனான். இஸ்ராவுக்குப் படிப்பு முடிந்து, அதே கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கெய்ரோவிலிருந்து அம்மா, வாத் மதனிக்கு ஆட்கள் திரும்பிப் போக ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போவதா, இருப்பதா என்று யாருக்கும் தெளிவில்லை. மாடி அறையை அவள் காலி செய்யவில்லை.

ஷைமாவுக்கு விசா வந்த வாரம், ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் மாடிக்கு வந்து இஸ்ராவின் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

“எனக்கு அரபி சொல்லிக் குடுங்கக்கா. ஓதறதுக்கு இல்ல, அது எனக்குத் தெரியும். கடைக்குப் போகறதுக்கு, பக்கத்து ஊட்டுல பேசறதுக்கு.”

“எதுல இருந்து ஆரம்பிக்கலாம்? பேரு கேக்கறது? வெலை கேக்கறது?”

ஷைமா யோசித்தாள். “புரியலை, மறுபடி சொல்லுங்கங்கறதுக்கு என்ன?”

“மொதல்ல ‘புரியலை’. மா ஃபஹிம்த்.”

“மா பகிம்து.”

“பகிம்து இல்ல. தொண்டையில இருந்து வரணும். ஃபஹிம்த்.”

“ஃபகிம்த்.”

“இல்ல. மறுபடி.”

வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து கட்டில் விளிம்பைத் தொட்டது. கீழே ஹபீபுன்னிசா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாரோம் என்று கத்திவிட்டு, இஸ்ரா மறுபடியும் சொல்லச் சொன்னாள்.